கணினி வழி இசை அமைப்பில் எந்தக் கருவியை மாற்றுவது: ஒரு முழுமையான வழிகாட்டி

மடிக்கணினி, அதன் யூ.எஸ்.பி. துளையில் ஒரு டிஏசி (கணினியின் எண்வடிவ இசையை மின்னலையாக மாற்றும் கருவி), பக்கத்துக்கு ஐம்பது வாட் தரும் ஆம்பிளிஃபையர், ஐந்தேகால் அங்குல வூஃபர் (தாழ்சுரங்களை ஒலிக்கும் கூம்பு) கொண்ட புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் இரண்டு. பல ஆண்டுகளாக என் அறையில் இருந்த அமைப்பு இதுதான். அதில் ஒரு குறை தீராமல் இருந்தது. திரைப்பாடல்களில் பேஸ் கிட்டார் நடக்கும்போது ஒரு சுரம் மட்டும் வீங்கி அறை முழுவதும் உருளும். அடுத்த சுரம் இருக்கும் இடமே தெரியாது. டிஏசி பழையதாகிவிட்டது என்று முடிவுசெய்து, புதியதற்குப் பணமும் ஒதுக்கிவிட்டேன். வாங்குவதற்கு முந்தைய வாரம் நண்பரிடம் அளவீட்டு மைக் ஒன்றை இரவல் வாங்கி அளந்தபோதுதான் 94 ஹெர்ட்ஸில் 11 டெசிபெல் உயரத்துக்கு ஒரு மேடு தெரிந்தது. அது டிஏசியில் பிறந்ததல்ல. பன்னிரண்டடி நீள அறையில் பின்சுவரை ஒட்டி நாற்காலியைப் போட்டிருந்ததால் பிறந்தது. நாற்காலியை மூன்றடி முன்னே நகர்த்தியதும் அந்த மேடு ஏறத்தாழ அடங்கிவிட்டது. எவ்வளவு விலை உயர்ந்த டிஏசியாலும் அதைச் செய்திருக்க முடியாது.

‘அடுத்து எதை வாங்கலாம்’ என்று தொடங்கும் கேள்வி பெரும்பாலும் தவறான பொருளில்தான் போய் முடிகிறது. ‘எனக்குக் கேட்கும் குறை எந்த இடத்தில் பிறக்கிறது’ என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் வாங்க வேண்டிய பொருள் தானாகத் தெரியவரும். சில வேளைகளில் எதையுமே வாங்கத் தேவையில்லை என்பதும் தெரியவரும். கீழே உள்ள படிகளை நான் வரிசைப்படுத்தியிருப்பது அந்தக் கேள்வியைப் பின்பற்றித்தான். செலவில்லாத சோதனைகள் முதலில் வருகின்றன.

முதல் படி: குறையைச் சொற்களில் எழுதுதல்

நன்கு பழகிய ஐந்தாறு பாடல்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் ஒரு வேலைக்கு உதவ வேண்டும். தம்புராவும் தனிக்குரலும் உள்ள ஒரு கச்சேரிப் பதிவு நடுப்பகுதியின் இயல்பைக் காட்டும். மிருதங்கமும் கடமும் சேரும் தனி ஆவர்த்தனம், அடி விழும் கணத்தின் கூர்மையையும் அது அடங்கும் வேகத்தையும் காட்டும். நாகசுரம் ஸ்பீக்கரின் மேல்நடுப்பகுதியில் கரகரப்பு இருந்தால் உடனே காட்டிக்கொடுக்கும். பேஸ் கிட்டார் தெளிவாக நடக்கும் ஒரு பாடல் அறையைச் சோதிக்கும்.

கேட்டபின் ‘தெளிவில்லை’ என்று எழுதாதீர்கள். அந்தச் சொல்லை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. எந்தக் கருவியில், எந்த ஒலியளவில், எந்த நேரத்தில் குறை தோன்றுகிறது என்று எழுதுங்கள். ‘சத்தம் கூட்டினால் மட்டும் குரல் கிழிகிறது’ என்பது ஒரு திசையைக் காட்டுகிறது. ‘எந்த ஒலியளவிலும் குரல் மூக்கால் பாடுவதுபோல் இருக்கிறது’ என்பது வேறொரு திசையைக் காட்டுகிறது. ‘பாட்டு நின்றபின் மெல்லிய இரைச்சல் கேட்கிறது’ என்பது மூன்றாவது திசை. எல்லாப் பாடலிலும் வராமல் ஒரே ஒரு பாடலில் மட்டும் வரும் குறை அந்தப் பதிவிலேயே இருக்கிறது. பழைய ஒற்றைத்தட ஒலிப்பதிவுகள் பலவற்றில் உச்சக்குரல் பதிவின்போதே சிதைந்திருக்கும். அதை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

இரண்டாம் படி: கோப்பும் மென்பொருளும்

இங்கே செலவு ஏதுமில்லை. 128 கிலோபிட் எம்.பி.3 கோப்புகளைச் சேர்த்துவைத்துக் கேட்பவர், கருவியை மாற்றுவதற்குமுன் கோப்பை மாற்ற வேண்டும். குறுந்தகட்டின் தரம் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். நொடிக்கு 1411 கிலோபிட். அதை இழப்பின்றிச் சுருக்கும் ஃப்ளாக் வடிவம் 2001 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. ஸ்ட்ரீமிங் செயலியில் கேட்பவர்கள் தர அமைப்பு மிக உயர்ந்த நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். தரவைச் சேமிக்கும் நிலையிலேயே விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் கேட்பவர்கள் உண்டு.

குறுந்தகட்டுத் தரத்துக்கும் மேலான 96 அல்லது 192 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளுக்காகக் கருவியை மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகம், அதாவது நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து பதிவது, 22 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத் தாங்கும். இளம் வயதினரின் செவிக்கே 20 கிலோஹெர்ட்ஸ்தான் எல்லை. மேயர், மொரான் என்ற இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயர்தர இசையின் பாதையில் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் மாற்றி ஒன்றை நுழைத்தும் எடுத்தும் காட்டியபோது, இயல்பான ஒலியளவில் கேட்டவர்களால் வேறுபாட்டைக் கண்டறிய இயலவில்லை. பின்னர் 2016இல் ஜோஷுவா ரைஸ் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது வேறுபாடு இருப்பதாகத் தெரிந்தது. ஆனால் அது மிகச் சிறியது. எனவே உங்கள் முதல் செலவு இதற்காக இருக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

விண்டோஸ் கணினியில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஒலி அமைப்புகளில் உங்கள் டிஏசியின் பண்புகளைத் திறந்தால் அதன் இயல்பான மாதிரி வேகம் காட்டப்படும். எல்லாச் செயலிகளின் ஒலியையும் விண்டோஸ் அந்த ஒரே வேகத்துக்கு மாற்றித்தான் அனுப்பும். நீங்கள் கேட்பதில் பெரும்பகுதி குறுந்தகட்டுத் தரமென்றால் அதை 44100 ஆகவும், காணொளியே அதிகமென்றால் 48000 ஆகவும் வைத்துவிடுங்கள். ஒலி மேம்பாடுகள் என்ற பெயரில் வரும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஃபூபார்2000 போன்ற, பாடல்களை ஓடவிடும் மென்பொருளில் வாசபி (WASAPI) என்ற விண்டோஸ் ஒலிவழியின் தனிப்பயன்பாட்டு முறையைத் தேர்ந்தால் விண்டோஸின் கலப்பானைத் தாண்டி ஒலி நேராக டிஏசிக்குச் செல்லும். கணினியிலிருந்து ஆம்பிளிஃபையருக்கு புளூடூத் வழியே அனுப்புபவர்கள் முதலில் கம்பிவழிக்கு மாறட்டும்.

கணினியில் ஒலியளவைக் குறைத்தால் இசையின் தரம் கெடும் என்ற அச்சம் மிகைப்பட்டது. 16 பிட் இசையை 24 பிட் டிஏசிக்கு அனுப்பும்போது எட்டு பிட் மிச்சம் இருக்கிறது. பிட்டுக்கு 6 டெசிபெல் வீதம், ஏறத்தாழ 48 டெசிபெல் குறைத்த பிறகுதான் இசையின் தரவில் கைவைக்க வேண்டிவரும். இருந்தாலும் கணினியில் முழு அளவும் ஆம்பிளிஃபையரின் குமிழில் கட்டுப்பாடும் வைத்துக்கொள்வதே நல்ல பழக்கம், டிஏசியின் பின்னணி இரைச்சலும் அதனால் இசையோடு சேர்ந்தே குறையும் என்பதால்.

மூன்றாம் படி: இரைச்சல் எங்கிருந்து வருகிறது

இசை ஓடாத வேளையில் ஸ்பீக்கருக்கு அருகே காதை வைத்துக் கேளுங்கள். தாழ்வான ‘ம்ம்’ ஒலியா, சுட்டியை நகர்த்தும்போது கீச்சிடும் ஒலியா, சீரான ‘ஸ்ஸ்’ ஒலியா என்று பிரித்தறிய வேண்டும். மூன்றுக்கும் காரணம் வேறு.

முதலிரண்டும் பெரும்பாலும் கருவிகளின் எர்த் இணைப்பு இரு வழிகளில் சுற்றி வளையமாவதால் (கிரவுண்ட் லூப்) வருபவை. மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஒலி நின்றுவிட்டால் நோய் உறுதியாகிவிட்டது. கணினி, டிஏசி, ஆம்பிளிஃபையர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுவது முதல் மருந்து. அது போதவில்லையென்றால், கணினியிலும் டிஏசியிலும் ஆப்டிகல் துளை இருந்தால் அந்தக் கம்பியைப் பயன்படுத்தலாம். ஒளியில் மின்சாரம் கடக்காது. யூ.எஸ்.பி. ஐசொலேட்டர் என்ற சிறு பெட்டியும் இதே வேலையைச் செய்யும். ஆனால் மலிவான ஐசொலேட்டர்களில் பல நொடிக்கு 12 மெகாபிட் வேகத்தில் மட்டுமே இயங்குபவை. அவற்றின் வழியே 192 கிலோஹெர்ட்ஸ் செல்லாது. 96 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும்.

இந்த இரைச்சலைப் போக்குவதற்காகப் பிளக்கின் மூன்றாவது பின்னை முறித்துவிடும் வழக்கம் நம்மூரில் இருக்கிறது. அதை ஒருபோதும் செய்யாதீர்கள். கருவிக்குள் ஏதேனும் பழுதானால் உலோகப் பெட்டியில் 230 வோல்ட் பாயும். அதைத் தடுப்பதற்குத்தான் அந்தப் பின் இருக்கிறது.

மின்தடையின்போது மட்டும் ஆம்பிளிஃபையர் உறுமினால் வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருக்கக்கூடும். அப்போது மாற்ற வேண்டியது இன்வெர்ட்டரைத்தான். சைன் அலை இன்வெர்ட்டரில் இந்த உறுமல் இருக்காது. மின்சாரம் சீராக இருக்கும்போதும் இருபத்தைந்து ஆண்டுப் பழைய ஆம்பிளிஃபையர் ஒன்று உறுமினால், அதன் மின்வழங்கியிலுள்ள பெரிய மின்தேக்கிகள் உலர்ந்திருக்க வாய்ப்புண்டு. பழுது பார்ப்பவரிடம் கொடுத்து அவற்றை மாற்றினால் போதும், ஆம்பிளிஃபையரையே மாற்ற வேண்டியதில்லை.

சீரான ‘ஸ்ஸ்’ ஒலி ஆம்பிளிஃபையரின் சொந்த இரைச்சல். நாற்காலியில் உட்கார்ந்தால் கேட்கவில்லையென்றால் அதை விட்டுவிடுங்கள்.

நம் வீடுகளில் யாரும் கணக்கில் எடுக்காத இரைச்சல் ஒன்று தலைக்குமேல் சுற்றுகிறது. முழு வேகத்தில் ஓடும் மின்விசிறி இருக்கும் அறையில் பின்னணி ஒலியே 45 டெசிபெல்லைத் தாண்டிவிடக்கூடும். இசையின் உச்சம் 95 டெசிபெல் என்று வைத்துக்கொண்டால், குறுந்தகடு தரும் 96 டெசிபெல் இடைவெளியில் ஐம்பதுதான் நம் காதுக்கு மிஞ்சுகிறது. தம்புராவின் மீட்டல் அடங்கி மறையும் நுனியை விசிறிதான் மூடுகிறது, டிஏசி அல்ல. சோதனை செய்யும் அரைமணி நேரமாவது விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

நான்காம் படி: இடமும் அறையும்

ஒரு சாதாரண டிஏசியின் அலைவெண் சீர்மை (எல்லா அலைவெண்களையும் சம அளவில் தரும் தன்மை) செவிக்கு எட்டும் எல்லை முழுவதும் ஒரு டெசிபெல்லின் சிறு பகுதிக்குள் இருக்கும். நல்ல ஸ்பீக்கரின் சீர்மை மூன்று டெசிபெல் ஏற்றத்தாழ்வுக்குள் இருக்கும். அதே ஸ்பீக்கரை அறைக்குள் வைத்து அளந்தால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பத்து, பதினைந்து டெசிபெல் மேடும் பள்ளமும் சாதாரணமாகத் தெரியும். எங்கே கைவைக்க வேண்டும் என்பதற்கு இந்த மூன்று எண்களே போதுமான விடை.

மேடும் பள்ளமும் வருவதற்கான காரணம் எளியது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையில் ஒலி முன்னும் பின்னும் சென்று தன்மேலேயே விழும்போது சில அலைவெண்கள் மட்டும் நிலைத்து நிற்கும். ஒலியின் வேகத்தைச் சுவர்களின் இடைவெளியின் இருமடங்கால் வகுத்தால் முதல் அலைவெண் கிடைக்கும். அதன் இரட்டிப்பும் மும்மடங்கும் தொடரும். நம்மூர் வெப்பத்தில் ஒலியின் வேகத்தை நொடிக்கு 346 மீட்டர் என்று கொள்ளலாம். என் அறையின் நீளம் 12 அடி, அதாவது 3.66 மீட்டர். ஆகவே 47 ஹெர்ட்ஸிலும் 94 ஹெர்ட்ஸிலும் நிலையலைகள் நிற்கும். பேஸ் கிட்டாரில் எஃப் ஷார்ப் சுரம் 46 ஹெர்ட்ஸ் அளவிலும், அதன் மேல்ஸ்தாயி 92.5 ஹெர்ட்ஸிலும் விழுகின்றன. நான் கேட்ட வீக்கம் அந்தச் சுரத்தில்தான் இருந்தது என்பதைப் பின்னால் தேடிப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன்.

நீளவாக்கு நிலையலைகள் எல்லாவற்றுக்கும் சுவரோரம்தான் உச்சம். இரண்டாவது நிலையலைக்குச் சுவரிலிருந்து நீளத்தின் கால்பங்குத் தொலைவில் அழுத்தம் ஏறத்தாழ இல்லாமல் போகும்; 12 அடியில் கால்பங்கு மூன்றடி. நாற்காலி மூன்றடி நகர்ந்ததும் 94 ஹெர்ட்ஸ் மேடு அடங்கியதன் கணக்கு இதுதான். நம்மூர் அறைகளில் பத்தடி உயரமும் பத்தடி அகலமும் சேர்ந்துவருவது சாதாரணம். அகலமும் உயரமும் சமமானால் இரண்டின் நிலையலைகளும் 57 ஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வலுப்பெறும். அளவு வேறுபட்ட வேறொரு அறை வீட்டில் கிடைத்தால், அமைப்பை அங்கே மாற்றிப் பார்ப்பதும் ஒரு மேம்பாடுதான்.

செய்ய வேண்டிய முறை வருமாறு. இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சம முக்கோணமாக அமையட்டும். உச்சசுரங்களை ஒலிக்கும் சிறு பகுதியான ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். இடது ஸ்பீக்கருக்கும் இடச்சுவருக்கும் உள்ள தொலைவு வலப்பக்கத் தொலைவுக்குச் சமமாக இருக்கட்டும். பிறகு பேஸ் கிட்டார் பாடலை ஓடவிட்டு, நாற்காலியை அரையடி அரையடியாக நகர்த்திக் கேளுங்கள். சுரங்கள் ஒன்றுக்கொன்று சமமாக ஒலிக்கும் இடத்தில் தரையில் அடையாளம் இடுங்கள். அடுத்து ஸ்பீக்கரை அதன் பின்னாலுள்ள சுவரிலிருந்து அதே போல நகர்த்துங்கள். பின்னால் போய்த் திரும்பும் ஒலி நேராக வரும் ஒலியோடு மோதி ஓர் அலைவெண்ணை அழிக்கும். ஸ்பீக்கரின் முகப்பு சுவரிலிருந்து 90 சென்டிமீட்டரில் இருந்தால் அந்தப் பள்ளம் 96 ஹெர்ட்ஸ் அருகிலும், 30 சென்டிமீட்டரில் இருந்தால் 290 ஹெர்ட்ஸ் அருகிலும் விழும். ஒரு மாலைப் பொழுதை முழுதாக இதற்குக் கொடுங்கள். நான் இதுவரை வாங்கிய எந்தப் பொருளும் அந்த ஒரு மாலை தந்த அளவு மாற்றத்தைத் தந்ததில்லை.

இதைச் செய்யும்போதே ஸ்பீக்கர் கம்பிகளின் சிவப்பும் கறுப்பும் இருபக்கமும் ஒரே முறையில் இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று மாறியிருந்தால் தாழ்சுரம் மெலிந்து, குரல் நடுவில் நிற்காமல் சிதறும். கம்பியைப் பொறுத்தவரை, எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி மூன்று மீட்டர் தூரத்துக்குப் போய்வர 0.07 ஓம் தடைதான் தரும். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டல்ல. கம்பியைப் பற்றி இதற்குமேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

தாழ்சுரத்துக்கு மேலே அறையின் அடுத்த சிக்கல் எதிரொலி. சிமெண்ட் பூச்சுச் சுவரும் டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையும் ஒலியை உறிஞ்சுவதே இல்லை. கையைத் தட்டிப் பாருங்கள். ‘டிர்ர்’ என்று உலோகத்தனமான வால் ஒன்று தொடர்ந்தால் குரலின் சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று பூசப்படுகின்றன என்று பொருள். ஜமுக்காளமும் மெல்லிய திரையும் உச்சப்பகுதியை மட்டும்தான் தொடும். நான்கு அங்குலத் தடிமனுள்ள ராக்வூல் (கனிம நார்) பலகை நடுப்பகுதியையும் சேர்த்து உறிஞ்சும். முட்டை அட்டைகளை ஒட்டுவதால் பயன் இல்லை. பலகை வாங்குவதற்குமுன் செய்யக்கூடிய நல்ல சோதனை ஒன்று உண்டு. வீட்டிலுள்ள இலவம்பஞ்சு மெத்தை இரண்டை எடுத்துவந்து, ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் இடையே பக்கச்சுவரில் ஒலி முதலில் பட்டுத் திரும்பும் இடத்தில் சாய்த்து வையுங்கள். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, ஒருவர் சுவரோடு ஒட்டிக் கண்ணாடியை நகர்த்தட்டும். நாற்காலியில் இருந்தபடி கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடமே அது. மெத்தை இருக்கும்போதும் இல்லாதபோதும் ஒரே பாடலைக் கேளுங்கள். வேறுபாடு உங்களுக்குப் பிடித்திருந்தால் மட்டும் பலகைக்குச் செலவிடுங்கள்.

இதற்குப் பிறகும் மிஞ்சும் தாழ்சுர மேட்டை மென்பொருளால் வெட்டலாம். கணினி வழி அமைப்பின் மிகப்பெரிய வரம் இதுதான். குறுந்தகட்டு இயக்கியோடு கேட்டவர்களுக்கு இது எளிதில் கிடைத்ததில்லை. ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் யூமிக்-1 போன்ற அளவீட்டு மைக்கும் இருந்தால் மேடு எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். விண்டோஸில் ஈக்குவலைசர் ஏபிஓ என்ற இன்னோர் இலவச மென்பொருள் அதை வெட்டும். என் அறையில் மிஞ்சிய 47 ஹெர்ட்ஸ் மேட்டை 5 டெசிபெல் குறைத்தேன். மேட்டை மட்டும் வெட்டுங்கள். பள்ளத்தை நிரப்ப முயலாதீர்கள். பள்ளம் ஒலிகள் ஒன்றையொன்று அழிப்பதால் வருவது, எவ்வளவு ஊற்றினாலும் அவ்வளவும் அழியும். ஆம்பிளிஃபையரும் வூஃபரும் வீணாகத் திணறும். ஒருவர் கருவிக்காக ஒதுக்கிய பணத்தில் முதலில் எதை வாங்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், அளவீட்டு மைக் என்றுதான் சொல்வேன்.

ஐந்தாம் படி: ஆம்பிளிஃபையரின் வலு போதுமா

சத்தம் கூட்டும்போது மட்டும் கரகரப்பு வருகிறது என்று எழுதியவர்களுக்கு இந்தப் படி. முதலில் கணக்கைப் பார்ப்போம். ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தொலைவில் 86 டெசிபெல் தரும் ஸ்பீக்கர், இரண்டரை மீட்டரில் 78 தரும். இரண்டாவது ஸ்பீக்கர் 3 டெசிபெல் சேர்க்கும். அறையின் எதிரொலி இன்னுமொரு 3 டெசிபெல் அளவுக்குச் சேர்க்கும் என்று கொண்டால் 84. உச்ச ஒலி 95 டெசிபெல் வேண்டுமென்றால் இன்னும் 11 டெசிபெல் தேவை, அதற்குப் பதின்மூன்று வாட் போதும். ஆற்றலை இருமடங்காக்கினால் 3 டெசிபெல்தான் கூடும் என்பதால், ஐம்பது வாட்டை நூறு வாட்டாக மாற்றுவதில் காதுக்குக் கிடைப்பது சொற்பம்.

கணக்கை நம்பாதவர்கள் மல்டிமீட்டரால் அளக்கலாம். நீங்கள் கேட்கும் உச்ச ஒலியளவில் குமிழை நிறுத்திவிட்டு, ஆம்பிளிஃபையரை அணைத்து ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றிவிடுங்கள். குமிழைத் தொடாமல் மீண்டும் இயக்கி, கணினியிலிருந்து முழு அளவுள்ள 60 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட்டேஜை அளவிடுங்கள். அந்த எண்ணை அதனாலேயே பெருக்கி ஸ்பீக்கரின் ஓமால் வகுத்தால், உங்கள் இசை ஆம்பிளிஃபையரிடம் அதிகபட்சமாகக் கோரக்கூடிய ஆற்றல் தெரியும். பத்து வோல்ட் என்றால் எட்டு ஓமுக்கு 12.5 வாட். இது ஆம்பிளிஃபையரின் அறிவிக்கப்பட்ட ஆற்றலில் பாதிக்குக் கீழே இருந்தால் ஆம்பிளிஃபையர் குற்றவாளி அல்ல; கரகரப்பு சிறிய வூஃபரின் எல்லையில் பிறக்கிறது. வால்வு ஆம்பிளிஃபையரில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். ஸ்பீக்கர் இல்லாமல் ஒலியைச் செலுத்தினால் அதன் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுவிடும்.

ஆறாம் படி: ஸ்பீக்கர்

எந்த ஒலியளவிலும் எந்த இடத்திலும் குரல் இயல்பாக இல்லை என்ற குறை மேற்கண்ட படிகளுக்குப் பின்னும் மிஞ்சினால் மாற்ற வேண்டியது ஸ்பீக்கர். மின்சாரம் காற்றசைவாக மாறும் இடம் அதுவே. அமைப்பில் சிதைவு மிகுதியாக நேரும் கருவியும் அதுவே. டிஏசியின் சிதைவை நூற்றுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் பேசுகிறோம். சத்தமாகத் தாழ்சுரம் எழுப்பும் சிறிய வூஃபரின் சிதைவு நூற்றுக்குச் சில பங்கு வரை போகும். மொத்தச் செலவில் பாதிக்குமேல் ஸ்பீக்கருக்குப் போவதே முறை என்று நான் கருதுகிறேன்.

தேர்ந்தெடுப்பதற்கு அளவீடுகள் உதவும். ஒலியியல் ஆய்வாளர் ஃபிளாய்ட் டூல் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் 1980களில் திரைக்குப் பின்னே ஸ்பீக்கர்களை வைத்து நடத்திய சோதனைகளில், நேரெதிரே சீராகவும் பக்கவாட்டில் மெல்ல, மேடுபள்ளம் இல்லாமல் குறைந்தும் ஒலிக்கும் ஸ்பீக்கர்களையே கேட்டவர்கள் விரும்பினார்கள். இந்த அளவீட்டு முறை இன்று சிடிஏ-2034 என்ற தரநிலையாகியிருக்கிறது. வாங்க நினைக்கும் ஸ்பீக்கருக்கு அப்படியொரு வரைபடம் கிடைத்தால் நேரெதிர்க் கோட்டை மட்டும் பார்க்காமல் பக்கவாட்டுக் கோடுகளையும் பாருங்கள். பக்கச்சுவரில் பட்டு உங்களிடம் வருவது அந்த ஒலிதான்.

பழைய ஸ்பீக்கரைக் கைவிடும் முன் வூஃபரின் கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தைத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் வளையமாக இருந்தால் நம் ஈரக்காற்றில் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் உதிர்ந்துபோகும். வளையத்தை மட்டும் மாற்றலாம்; புதிய ஸ்பீக்கரின் விலையில் அது சிறு பகுதி. குரலும் வாத்தியங்களும் நன்றாக இருந்து, அடித்தளம் மட்டும் மெலிந்திருந்தால் சப்வூஃபர் (மிகத் தாழ்ந்த சுரங்களுக்கான தனி ஸ்பீக்கர்) ஒன்றைச் சேர்த்து, 80 ஹெர்ட்ஸ் அருகே பிரித்து அதற்குக் கீழுள்ள ஒலியை அதனிடம் கொடுப்பது ஸ்பீக்கரையே மாற்றுவதைவிடச் சிறந்தது. சிறிய வூஃபரின் சுமை இறங்குவதால் குரலும் தெளியும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் கீழ்வீட்டாரை நினைத்து முடிவெடுக்க வேண்டும்.

மேசையருகே அமர்ந்து ஒரு மீட்டருக்குள் கேட்பவர்களுக்கு ஆம்பிளிஃபையர் உள்ளடங்கிய ஸ்டூடியோ மானிட்டர் பொருத்தமானது. அவ்வளவு அருகில் நேரொலி மேலோங்குவதால் அறையின் குறைகளும் குறைவாகத் தெரியும்.

ஹெட்ஃபோனில் கேட்பவர்களுக்கு அறை என்ற படியே இல்லை. ஹெட்ஃபோனையே முதலில் மாற்ற வேண்டும். 300 ஓம் சென்ஹைசர் எச்.டி. 600 போன்றவற்றை மடிக்கணினியின் துளை போதிய சத்தத்தில் இயக்கத் திணறலாம், அப்போது தனி ஆம்பிளிஃபையர் தேவைப்படும். ஆம்பிளிஃபையரின் வெளியீட்டு ஓம் ஹெட்ஃபோனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குமேல் இருக்கக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள்.

ஏழாம் படி: டிஏசி

டிஏசியை மாற்றுவதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. கணினியின் உள்ளமைந்த ஒலித்துளையில் இரைச்சல் கேட்கிறது. வெளியீடு ஆம்பிளிஃபையர் எதிர்பார்க்கும் 2 வோல்ட்டை எட்டவில்லை. புதிய இயங்குதளத்துக்கு இயக்கி மென்பொருள் கிடைக்கவில்லை. தொலைக்காட்சிக்கும் கணினிக்கும் தனித்தனி உள்ளீடு வேண்டும். கம்பியில் சேரும் இரைச்சலைத் தவிர்க்கும் பேலன்ஸ்டு வெளியீடு வேண்டும். இவற்றில் ஒன்று உங்கள் குறைப்பட்டியலில் இருந்தால் வாங்குங்கள். யூ.எஸ்.பி. ஆடியோ இரண்டாம் வகைக் கருவிகளை (உயர்ந்த மாதிரி வேகங்களைத் தாங்கும் தரநிலையில் இயங்குபவை) விண்டோஸ் 10 தானாகவே அடையாளம் காணத் தொடங்கியது 2017இல்தான். அதற்குமுன் வந்த டிஏசி வைத்திருப்பவர்கள் பழைய இயக்கியை நீக்கிவிட்டு ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம்.

‘மேடை விரியும்’ (வாத்தியங்கள் அகலப் பரந்து ஒலிக்கும்), ‘இருள் ஆழமாகும்’ (பின்னணி இன்னும் அமைதியாகும்) என்று மட்டும் எதிர்பார்த்து மாற்றினால் பெரும்பாலோர் ஏமாற்றமே அடைவார்கள். மேடை விரிவது ஸ்பீக்கரும் பக்கச்சுவரும் சேர்ந்து தீர்மானிக்கும் விஷயம்.

எட்டாம் படி: வாங்கியபின் ஒப்பிடுதல்

இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது ஒன்றின் ஒலி அரை டெசிபெல் கூடினாலும் அதுவே தெளிவாக இருப்பதாக நம் செவி சொல்லும். ஆகவே 1000 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் இரண்டின் வோல்ட்டேஜும் நூற்றுக்கு ஒரு பங்கு வேறுபாட்டுக்குள் வரும்படி சமன்செய்யுங்கள், ஏறத்தாழ 0.1 டெசிபெல் அது. பிறகு வீட்டில் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் மாற்றிமாற்றி வைக்கட்டும். அவர் நாணயம் சுண்டி முடிவெடுத்தால் இன்னும் நல்லது. பதினாறு முறையில் பன்னிரண்டு முறை சரியாகச் சொன்னால் வேறுபாடு உண்மையென்று கொள்ளலாம். வெறும் ஊகத்தில் அந்த எண்ணிக்கையை எட்டும் வாய்ப்பு நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. கோப்புகளை ஒப்பிடுவதற்கு ஃபூபார்2000இன் ஏபிஎக்ஸ் கூறு இதே வேலையைத் தனியாகவே செய்துதரும்.

ஸ்பீக்கரையும் அறையையும் இப்படிக் கண்ணைக் கட்டி ஒப்பிடுவது வீட்டில் இயலாது. அவற்றுக்கு வேறு வழி உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பழையதை உடனே விற்றுவிடாதீர்கள். புதியதோடு இரண்டு வாரம் சாதாரணமாகக் கேளுங்கள். முதல் நாளின் வியப்பு அதற்குள் அடங்கிவிடும். பதினைந்தாம் நாள் பழையதை மீண்டும் இணைத்து, முதல் படியில் எழுதிவைத்த தாளை எடுத்துக்கொண்டு அதே பாடல்களைக் கேளுங்கள். எழுதிய குறை திரும்பி வந்துவிட்டதென்றால் பழைய கருவியை விற்கலாம். திரும்பி வரவில்லையென்றால், புதியதைத் திருப்பிக்கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் கடைக்குச் செல்லுங்கள்.